டின்னில் இருந்த கைமணம்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக்கு 'பீச் மாநிலம்' என்று பட்டப்பெயர். கார் நம்பர் பிளேட்டில்கூட பீச் பழத்தைப் போட்டு வைத்திருப்பார்கள். அங்கே அட்லாண்டா பக்கத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, 2019 ஜனவரியில், அடுத்த வீட்டில் ஒரு சின்னக் கலவரம் நடந்தது. காரணம், ஒரு டஜன் பீச் பழ டின்கள்.

அடுத்த வீட்டு அம்மாவுக்கு எண்பது வயசு இருக்கும். கணவர் போன பிறகு தனியாக இருந்தார். டென்னஸியில் இருக்கும் மகள், 'இனிமே நீ தனியா இருந்தது போதும்' என்று கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார். வீட்டைக் காலி செய்ய நானும் மருமகளும் ஒத்தாசைக்குப் போனோம். ஒத்தாசை என்றால், மருமகள் அட்டைப்பெட்டிகளைக் கட்டினாள்; நான் அவற்றின் மேல் 'சமையலறை', 'புத்தகம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா செய்யும் பீச் காப்ளர் தெருவிலேயே பிரசித்தம். காப்ளர் வேறொன்றுமில்லை. பழத்தையும் மாவையும் ஒரே தட்டில் போட்டு வேகவைக்கிற பழைய அமெரிக்கப் பண்டம். இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள், ஊரில் செய்த புட்டிங்கை அதே மாதிரி செய்ய வசதியில்லாமல், இரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவைப் போட்டு, மூடியின் மேல் நெருப்புத் துண்டங்களை வைத்து வேகவைத்தார்கள். இல்லாமையில் பிறந்த இனிப்பு. முட்டை கிடையாது என்பதால் எனக்கும் தோது.

அன்று காலையிலேயே அந்த மகள் மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "அம்மா எழுதிக் கொடுத்த அட்டை என்கிட்ட இருக்கு. அப்படியேதான் செய்யறேன். முப்பது வருஷமாச்சு, அந்த ருசி மட்டும் வரவே மாட்டேங்குது. எங்கம்மா கைமணம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்." அட்டையின் முதல் வரி: 'நல்லாப் பழுத்த பீச் பழம் - 8.'

மத்தியானம் கராஜைக் காலி செய்யும்போது, காலி பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அந்த டின்கள் அகப்பட்டன. பாகில் ஊறிய பீச் துண்டுகள். கடையில் வாங்கியவை.

"அம்மா, இது என்ன?"

"பீச்."

"அது தெரியுது. இங்கே எதுக்கு ஒளிஞ்சிருக்கு?"

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாகச் சொன்னார். அவருடைய மாமியார் ஒவ்வொரு ஜூலையிலும் கூடை கூடையாகப் பழம் வாங்கி, தோல் உரித்து, கண்ணாடி ஜாடிகளில் பாகு ஊற்றி, கொதிநீரில் வைத்து, வருஷம் பூராவுக்கும் எடுத்துவைப்பாராம். இவரோ ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. மூன்று குழந்தைகள். எங்கே உட்கார்ந்து தோல் உரிப்பது? டின்னை வாங்கினார். மாமியார் கண்ணில் படாமல் கராஜில் வைத்தார். காலி டின்னைக் குப்பையில் அடியில் போட்டு மேலே பேப்பரால் மூடினார். "அப்புறம் அவங்க போயிட்டாங்க. ஆனா எல்லாரும் பிரமாதம், பிரமாதம்னு சொல்லிச் சொல்லி... நான் எப்போ உண்மையைச் சொல்றது?"

மகள் முதலில் சிரித்தார். அப்புறம் அழுதார். எதற்கு அழுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. டின் பழத்துக்கா ஒருத்தி அழுவாள்?

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். டின் பழம் போட்டால் அது அசல் காப்ளர் ஆகாதா?

அசல் என்பதைத் தேடிக்கொண்டு போனால் அது எங்கேயும் நிற்காது. பீச் பழமே அமெரிக்காவுக்குச் சொந்தமில்லை. சீனாவில் பிறந்து, பாரசீகம் வழியாக ஐரோப்பா போய், பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு கப்பலேறியது. மாவை உப்பவைக்கும் பேக்கிங் பவுடர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த கெமிஸ்ட்ரி. அதுவும் ஒரு டப்பாவில்தான் வந்தது. அன்றைக்கு எந்தக் கிழவி அதைப் பார்த்து, 'இதெல்லாம் ஒரு சமையலா' என்று முகம் சுளித்தாளோ!

அந்த மாமியாரின் ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மிட்டாய்க்காரர் நிகோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து இறுக மூடிக் கொதிநீரில் வைத்தால் கெடாது என்று கண்டுபிடித்தார். அதற்கு 1810-ல் அந்நாட்டு அரசாங்கம் 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது. அதே வருஷம் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட், புட்டிக்குப் பதில் டின்னுக்கும் சேர்த்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக ஜாடியும் டின்னும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வீட்டில் வளர்ந்தது, இன்னொன்று ஃபாக்டரிக்கு வேலைக்குப் போனது. மாமியார் ஜாடிக்குள் அடைத்தால் பாரம்பரியம், அதையே யாரோ முகம் தெரியாத பெண்கள் கலிஃபோர்னியாவில் டின்னுக்குள் அடைத்தால் ஏமாற்று என்றால், அது என்ன நியாயம்?

ஜார்ஜியாவில் பீச் சீசன் மே நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும்தான். மற்ற மாசமெல்லாம் டின்தான் கைகொடுக்கும். ஆகவே டின்மேல் குற்றம் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்படியானால் அந்த மகள் ஏன் அழுதார்?

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் ஒரு சலுகை தருகிறார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் உண்மையின் வரிசையில் வைக்கலாம் என்கிறார். நாம் எல்லோரும் அந்தச் சலுகையை ரொம்பத் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறோம். 'யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாரும் சந்தோஷமாத்தானே சாப்பிட்டாங்க?' அந்த அம்மாவும் இப்படித்தான் நினைத்திருப்பார். சாப்பிட்டவர்கள் வரைக்கும் அது சரிதான்.

ஆனால் சமைக்கப் போகிறவள் ஒருத்தி இருந்தாளே!

முப்பது வருஷம். ஒவ்வொரு கோடையிலும் பழம் வாங்கி, வெந்நீரில் போட்டெடுத்து, தோல் உரித்து, நறுக்கி, வேகவைத்து மேஜையில் வைத்தால், குழந்தைகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, 'பாட்டி செய்யற மாதிரி இல்லை' என்று சொல்லும். அவள் அட்டையைக் குறை சொல்லவில்லை. பழத்தைக் குறை சொல்லவில்லை. தன் கையைத்தான் குறை சொன்னாள்.

உண்மையில் கையில் ஒன்றுமே இல்லை. டின்னில் அடைப்பது பெரும்பாலும் கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதி பீச். சதை கெட்டி, வேகவைத்தாலும் குழையாது. ஏற்கெனவே பாகில் வெந்தது வேறு. பச்சைப் பழமோ சூட்டில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்த ருசி வேறு, இந்த ருசி வேறு. இரண்டுமே நல்ல ருசிதான். ஆனால் ஒன்றைச் செய்துகொண்டு இன்னொன்றை எதிர்பார்த்தால், கடைசிவரை தோல்விதான்.

பட்ட கஷ்டத்தை மறைப்பதைப் பெருந்தன்மை என்கிறோம். படாத கஷ்டத்தைப் பட்டதாகக் காட்டுவது அப்படியில்லை. நமக்குப் பின்னால் வருகிறவர்கள் அந்த இல்லாத உயரத்தை எட்டிப் பிடிக்கத் தாவித் தாவி விழுவார்கள். கடை மாவை வீட்டுப் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு 'நானே அரைச்சது' என்கிறோம். டியூஷன் வைத்துவிட்டு 'என் பையன் தானா படிக்கிறான்' என்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. நமக்கு ஒரு நிமிஷப் பெருமை. அவளுக்கு ஒரு வருஷத் தாழ்வு மனப்பான்மை.

இதற்காக அந்த அம்மாவைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. ராத்திரியெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவள், டின் திறந்ததற்கு வெட்கப்படும்படி செய்தது யார்? ருசி பார்த்துவிட்டு, 'நீயே உரிச்சதா?' என்று கேட்டோமே, அந்த நாம்தான். உழைப்பின் வலியைத் தொட்டுப் பார்த்துத்தான் அன்பை அளப்போம் என்று நாம் அடம்பிடிக்கும்வரை, கராஜில் டின்கள் ஒளிந்துகொண்டுதான் இருக்கும்.

மறுநாள் காலை அந்த அம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு கண்ணாடித் தட்டு மட்டும் வெளியே இருந்தது. மகள் செய்ய, அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, இந்த முறை எல்லோர் முன்னாலும் டின் திறந்தார்கள்.

தட்டில் வெண்ணெயை உருக்கி, ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால், இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு கரைத்து அதன்மேல் ஊற்றினார். கலக்கக் கூடாதாம். அதற்கு மேல் பீச் துண்டுகளைப் பரப்பி, கொஞ்சம் பாகையும் ஊற்றி, 175 டிகிரியில் ஓவனுக்குள் தள்ளினார். முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆனது. அடியில் இருந்த மாவு பழத்தைச் சுற்றிப் பொங்கி மேலே வந்து, பொன்னிறமாக, ஓரமெல்லாம் முறுகிப்போய் நின்றது.

மகள் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மா மகளின் கைப்பையிலிருந்து பழைய அட்டையை எடுத்துத் தரச்சொன்னார். என்னிடம், "பெட்டி மேலெல்லாம் எழுதினீங்களே, அந்தப் பேனாவைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். நடுங்கும் கையால் முதல் வரியை அடித்துவிட்டு, அதன் மேல் எழுதினார்:

'டின் பீச் - 2.'