இரண்டு வாளும் ஒரு துண்டும்

திருவிழாச் சுவரொட்டிகளில் ‘மேதகு ஆயர் ஆண்டகை’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். ஆயர் என்றால் ஆடு மேய்ப்பவர். ஆண்டகை என்றால் பெருமகன். மந்தையின் பின்னால் கோலோடு நடக்கிறவரையும் ஊரே எழுந்து நிற்கவேண்டிய பெரிய மனிதரையும் ஒரே மூச்சில் அழைத்துவிடுகிறோம். யாருக்கும் தொண்டையில் சிக்குவதில்லை. போப்பை நம் பாட்டன்மார் பாப்பரசர் என்றார்கள். தந்தை என்று பொருள்படும் அயற்சொல்லோடு அரசரையும் சேர்த்துக் கட்டிய சொல் அது. இப்போது திருத்தந்தை என்கிறோம். பழைய சொல்லைப் பிழை என்று தள்ளவும் முடியாது. 1870 வரை போப் இத்தாலியின் நடுப்பகுதியில் நிலம் வைத்து ஆண்ட மன்னர். 1929 முதல், அரை சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத வத்திக்கானுக்கு இன்றும் அவரே அரசர்.

இந்தச் சிக்கல் இயேசுவின் கடைசி இராவுணவிலேயே தொடங்கிவிட்டது. மறுநாள் சாகப்போகிறவரை எதிரே வைத்துக்கொண்டு, தங்களில் யார் பெரியவர் என்று சீடர்கள் வாக்குவாதம் செய்ததாக லூக்கா எழுதுகிறார். பிற இனத்து அரசர்கள் மக்களை அடக்கி ஆள்வதையும், அப்படி ஆள்கிறவர்களே கொடைவள்ளல் என்று பேர் வாங்குவதையும் சுட்டிக்காட்டி, உங்களுக்குள் அது வேண்டாம் என்கிறார் இயேசு. சற்று நேரம் போகிறது. சீடர்கள் தங்களிடம் இரண்டு வாள் இருப்பதாகச் சொல்கிறார்கள். போதும் என்கிறார் அவர். இரண்டு வாள் போதும் என்றாரா, இந்தப் பேச்சே போதும் என்றாரா என்பது இன்றும் தீராத கேள்வி. என் காதுக்கு அது அலுத்துப்போன ஒரு மனிதரின் குரலாகவே கேட்கிறது.

அதே இரவைப் பற்றி யோவான் சொல்வது வேறு. குரு எழுந்து மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் காலைக் கழுவுகிறார். துண்டு தோளில் கிடப்பதற்கும் இடுப்பில் இருப்பதற்கும் உள்ள தூரத்தைத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

ஆக, அந்த இரவு திருச்சபைக்கு வாளையும் துண்டையும் சேர்த்தே விட்டுச்சென்றது. துண்டிலிருந்து ஒரு சடங்கு உருவாயிற்று. பெரிய வியாழனன்று எங்கள் பங்கிலும் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்கள். அந்தப் பன்னிரண்டில் இடம் பிடிக்க நடக்கும் போட்டி, லூக்கா சொன்ன வாக்குவாதத்துக்குச் சற்றும் குறையாது. இடம் கிடைத்தவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள்.

வாளிலிருந்து உருவானது சட்டம். அதற்கு இரண்டு போப்புகளின் கதையைச் சொல்லவேண்டும்.

1292 ஏப்ரலில் நான்காம் நிக்கோலஸ் இறந்தார். ரோமின் பெரிய குடும்பங்களின் பகையில் பிளந்து கிடந்த ஒரு டஜன் கர்தினால்களால் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. மொரோனே மலையில் பியெத்ரோ என்று ஒரு துறவி இருந்தார். எண்பதை ஒட்டிய வயது. இப்படி இழுத்தடித்தால் கடவுளின் தண்டனை வரும் என்று எச்சரித்து அவர் எழுதிய கடிதம் கர்தினால்களிடம் வந்தது. அவர்கள் அதைப் படித்துவிட்டு, எழுதியவரையே போப்பாக்கிவிட்டார்கள். அது 1294 ஜூலை 5. புத்தி சொல்கிறவர் தலையிலேயே பொறுப்பைக் கட்டிவிடும் வழக்கம் நம் ஊர்ச் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று.

அவர் கழுதைமேல் அக்விலா நகருக்கு வந்தார். எருசலேமுக்குள் கழுதைமேல் வந்தவரின் நினைவு பார்த்தவர்களுக்கு வராமலா இருந்திருக்கும்? ஆனால் இந்தக் கழுதையின் கடிவாளத்தைப் பிடித்து நடந்தவர்கள் நேப்பிள்ஸ் மன்னன் இரண்டாம் சார்லஸும், ஹங்கேரியின் முடிக்கு உரிமை கோரிய அவன் மகனும். பணிவின் படமாகத்தான் அது வரையப்படுகிறது. கடிவாளம் யார் கையில் இருக்கிறதோ, கழுதை அவர் இழுத்த பக்கம்தானே போகும். ஐந்தாம் செலஸ்தீன் என்ற பெயரோடு முடிசூடிய அவர் ரோமுக்குப் போகவே இல்லை. சார்லஸின் நேப்பிள்ஸ் கோட்டையில் தங்கினார். புதிதாகப் பன்னிரண்டு கர்தினால்களை நியமித்தார். அவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு வம்சத்தவனான சார்லஸுக்கு வேண்டிய பிரெஞ்சுக்காரர்கள். ஒரே பதவியைப் பலருக்கு எழுதிக்கொடுத்ததும், எழுதாத வெற்று ஆணைகளில் முத்திரை விழுந்ததும் அவர் ஆட்சியில்தான். கோட்டைக்குள் மரத்தால் ஒரு சிறு அறை கட்டச்சொல்லி, உள்ளே இருந்து செபித்தார். வெளியே அவர் பெயரால் எல்லாம் நடந்தது.

செலஸ்தீனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே கண்கலங்கிவிடுகிறார்கள். எனக்கு அது முழுதாக வருவதில்லை. பதவி வேண்டாத நல்லவர் ஒருவர் பதவியில் உட்கார்ந்தால், அது அதை வேண்டுகிற அடுத்த ஆளின் கைக்குப் போய்விடுகிறது. ஆனால் அதை அவரே கண்டுகொண்டார். அதுதான் அவருடைய பெருமை. போப் பதவி விலகலாமா என்று சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டார். விலகலாம் என்று உறுதிசெய்து ஓர் ஆணையும் பிறப்பித்தார். 1294 டிசம்பர் 13 அன்று கர்தினால்கள் முன்னால் போப்பின் உடைகளைக் களைந்து, பழைய துறவாடையை உடுத்திக்கொண்டார். முடிசூடி நான்கு மாதம்கூட முடியவில்லை.

சட்டம் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் கர்தினால் பெனதெத்தோ கயெத்தானி. பதினொரு நாள் கழித்து அவர் எட்டாம் போனிபாஸ் ஆனார்.

புதிய போப் முதற்காரியமாகப் பழையவர் கொடுத்த சலுகைகளை ரத்துசெய்தார். மலைக்குத் திரும்ப விரும்பிய கிழவரைத் தன் கண்காணிப்பில் வைக்க நினைத்தார். சட்டப்படி அதில் நியாயம் உண்டு: உயிரோடு இருக்கும் பழைய போப்பை எவனாவது பிடித்துப்போய் எதிர்ப்போப்பாக நிறுத்திவிட்டால் திருச்சபை இரண்டாகும். கிழவர் தப்பி ஓடினார். கடல் தாண்டிக் கிரேக்கம் போக முயன்றபோது பிடிபட்டார். ஃபுமோனே கோட்டையில் அடைத்தார்கள். 1296 மே 19 அன்று அங்கேயே இறந்தார். ஆசைப்பட்டுக் கேட்ட தனியறை கடைசியில் கிடைத்தது; பூட்டு மட்டும் வெளிப்பக்கம்.

போனிபாஸைச் சாதாரண ஆளாக எண்ணிவிடக் கூடாது. சட்டத்தில் கூர்மையானவர், ரோம் பல்கலைக்கழகத்தை நிறுவியவர், 1300ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாக அறிவித்து யாத்திரிகர்களை அலையலையாக வரவைத்தவர். அவருக்கு எதிரே பிரான்சின் நான்காம் பிலிப். தகராறு தொடங்கியது வரியில். குருக்களிடம் போப்பின் அனுமதி இல்லாமல் வரி வாங்கக்கூடாது என்று 1296இல் போனிபாஸ் ஆணையிட, பிரான்சிலிருந்து பொன்னும் வெள்ளியும் வெளியே போகக்கூடாது என்று பிலிப் ஆணையிட்டான். அடுத்த ஆண்டே போப் இறங்கி வந்தார். பிலிப்பின் தாத்தா ஒன்பதாம் லூயி புனிதராக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில். தாத்தாவின் புண்ணியத்தில் ஐயமில்லை. நாள் பார்த்த விதம்தான் சற்று உறுத்துகிறது.

சமாதானம் நிலைக்கவில்லை. 1302 நவம்பர் 18 தேதியிட்டு வந்தது ‘ஊனம் சாங்தம்’ என்ற புகழ்பெற்ற ஆணை. லூக்காவின் இரண்டு வாள்களும் அங்கே வந்து நிற்கின்றன. ஒன்று ஆன்மிக வாள், மற்றது உலக வாள். இரண்டுமே திருச்சபையின் அதிகாரத்தில் உள்ளவை. முதலாவதைத் திருச்சபை தானே பிடிக்கும். மற்றதை அரசர்கள் பிடிப்பார்கள், குருவின் இசைவோடும் பொறுமைக்கு உட்பட்டும். இதற்குச் சான்று கெத்சமனித் தோட்டத்திலிருந்து வருகிறது. ஓர் ஊழியனின் காதை வெட்டிய பேதுருவிடம், வாளை உறையில் போடும்படி இயேசு கடிந்துகொண்டார் அல்லவா? அப்போது அவர் ‘உன்’ வாள் என்று சொன்னார். ஆகவே வாள் பேதுருவினுடையது, அவர் வழிவந்த போப்பினுடையது. உறையில் போடச் சொன்ன வாக்கியத்திலிருந்தே பட்டா எழுதி வாங்கிவிட்டார்கள். மனிதராய்ப் பிறந்த எவரும் மீட்படைய ரோமின் போப்புக்குப் பணிந்தாகவேண்டும் என்று ஆணை முடிகிறது. அத்தகைய ஆணைகளின் தலைப்பில் போப் தம்மைக் குறிப்பிட்டுக்கொள்ளும் மரபான பட்டம், கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன்.

பத்து மாதத்தில் பதில் வந்தது. 1303 செப்டம்பர் 7 அன்று பிலிப்பின் அமைச்சன் நொகாரேயும், போனிபாஸால் சொத்திழந்த கொலோன்னா குடும்பத்து ஷாராவும் ஆட்களோடு அனாக்னி நகருக்குள் புகுந்தார்கள். அது போனிபாஸ் பிறந்த ஊர். கர்தினால்களில் பெரும்பாலோர் ஓடிவிட்டார்கள். அரண்மனை கொள்ளை போயிற்று. அரசர்களெல்லாம் தம் இசைவோடு பிடிக்கவேண்டிய வாள் தம் கழுத்துக்கே வந்தபோது, அந்த முதியவர் ஓடவில்லை. போப்பின் உடையோடு அவர்களை எதிர்கொண்டார் என்றும், பதவியைத் துறக்கச் சொன்னபோது இதோ என் கழுத்து என்று காட்டினார் என்றும் அக்காலத்தவர் எழுதினார்கள். ஷாரா அவரை அறைந்தான் என்பது பின்னால் பரவிய கதை. நடந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. மூன்றாம் நாள் ஊரார் திரண்டு அவரை விடுவித்தார்கள். ஒரு மாதத்தில், அக்டோபர் 11 அன்று, ரோமில் இறந்தார்.

உன்னை விடுவிக்கவும் சிலுவையில் அறையவும் எனக்கு அதிகாரம் உண்டு என்றான் இயேசுவை விசாரித்த பிலாத்து. எதிரே கட்டுண்டு நின்றவர், மேலிருந்து தரப்படாவிட்டால் உனக்கு ஏது அதிகாரம் என்று கேட்டார். போனிபாஸ் வாழ்நாளெல்லாம் அந்தப் பதிலைப் பிலாத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. காவலும் படையும் கர்தினால்களும் போய், தனியாக நின்ற அந்த மூன்று நாளில் அதைச் சொல்லாமலே எடுபட்டது.

இதைக் கண்டுகொண்டவர் கவிஞர் தாந்தே. போனிபாஸின் அரசியலால் ஊரை இழந்து நாடோடியானவர். அந்த மனிதரை வெறுக்கக் காரணம் இருந்தவர். போனிபாஸ் உயிரோடிருக்கும் ஆண்டில் நடப்பதாக அமைத்த தம் காவியத்தில், அவருக்கு நரகத்தில் முன்கூட்டியே ஓரிடம் ஒதுக்கினார். செலஸ்தீனையும் விடவில்லை. நரகத்தின் வாசலில், கோழைத்தனத்தால் பெரியதொன்றைக் கைவிட்ட ஒருவனை அவர் பெயர் சொல்லாமல் காட்டுவது செலஸ்தீனைத்தான் என்று பழைய உரைகாரர்களில் பலர் சொன்னார்கள். ஆனால் அடுத்த பாகத்தில் அனாக்னியைப் பற்றிப் பேசும்போது தாந்தேயின் குரல் மாறிவிடுகிறது. போனிபாஸ் பிடிபட்டதில் கிறிஸ்துவே மறுபடியும் பிடிபடுவதைக் காண்கிறார். பிலிப்பைப் புதிய பிலாத்து என்கிறார். நரகத்தில் போட்டவரை அங்கிருந்து எடுக்கவும் இல்லை.

பிலிப் செத்தவரையும் விடுவதாயில்லை. போனிபாஸ்மீது வழக்கு நடத்தச் சொன்னான். அவரைச் சிறுமைப்படுத்தச் செலஸ்தீனைப் புனிதராக்கச் சொன்னான். பிரான்சின் பிடியில் அவிஞ்ஞோனில் இருந்த ஐந்தாம் கிளெமென்ட் 1313இல் இணங்கினார். ஆனால் புனிதராக அறிவித்தது செலஸ்தீன் என்ற போப்பை அல்ல, பியெத்ரோ என்ற துறவியை. அரசனின் உத்தரவுக்குப் பணிந்துகொண்டே அதற்குள் ஒரு சிறிய மறுப்பை நுழைத்துவிட்டார் கிளெமென்ட்.

அந்தத் துறவியின் உடல், அவர் முடிசூடிய அதே கொல்லெமாஜ்ஜோ கோயிலில் இருக்கிறது. 2009 ஏப்ரலில் அக்விலாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் கோயிலின் கூரை சரிந்தது; பேழை தப்பியது. அந்த மாதக் கடைசியில் பார்க்கவந்த பதினாறாம் பெனடிக்ட், தாம் பதவியேற்றபோது அணிந்த கம்பளித் தோள்பட்டையை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். நான்கு ஆண்டில் அவரும் பதவி விலகினார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே கிடப்பவருக்கு முகத்தில் வெள்ளி முகமூடி, தலையில் தொப்பிமுடி, உடம்பில் போப்பின் உடை. நேப்பிள்ஸில் தம் கையாலேயே கழற்றிப் போட்டதையெல்லாம் மறுபடி உடுத்திவிட்டிருக்கிறார்கள்.