மறுக்க முடியாதவரிடம் கேட்பது

அரசு மருத்துவமனையில் அரிய அறுவை சிகிச்சை ஒன்று வெற்றி பெற்றால் மறுநாள் செய்தித்தாளில் ஒரு படம் வரும். நடுவில் டீன், இரண்டு பக்கமும் மருத்துவர்கள், முன்னால் நாற்காலியில் குணமான நோயாளி. பெயர், ஊர், வயது, தொழில், என்ன நோய் என்பதெல்லாம் கீழே அச்சாகியிருக்கும். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை. தனியாரில் லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை இங்கே இலவசமாகக் கிடைக்கிறது என்று ஏழைகளுக்குத் தெரிய வேண்டும், நியாயம்தான். ஆனால் அந்த நாற்காலியில் வந்து உட்காரச் சொன்னபோது அவரால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா? கேட்டவர் உயிரைக் காப்பாற்றியவர். அடுத்த மாதம் செக்கப்புக்கு வர வேண்டியதும் அதே வார்டுக்குத்தான். நோயாளிகளின் வாழ்க்கைக் கதையைப் பொதுநலத்துக்காக எடுத்தாள்வது பற்றிப் பேச்சு வந்தால் ‘சம்மதம் வாங்கினீர்களா?’ என்று கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிடுகிறோம். மறுத்தாலும் அவருக்கு எந்த நஷ்டமும் வராது என்ற நிலையில் வைத்துத்தான் அந்தச் சம்மதத்தைக் கேட்டார்களா என்பது அதைவிட முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

கதைகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எண்களால் ஆகாத காரியம் ஒரு முகத்தால் ஆகிறது. 2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பிரபலமான சான்று. ஆப்பிரிக்காவின் பசிக்கொடுமை பற்றிய புள்ளிவிவரங்களைப் படித்தவர்களைவிட, மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் நாலு வரிக் கதையையும் பார்த்தவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல் நன்கொடை கொடுத்தார்கள். கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை இறங்கிவிட்டது! சட்டம் இயற்றுகிறவர்களும் இதே மனிதர்கள்தான். ஹீமோஃபிலியாவுக்கு ஏற்றிய ரத்தப் பொருள் வழியாக எச்.ஐ.வி. தொற்றிய ரயன் வைட் என்ற அமெரிக்கச் சிறுவனை 1985இல் பள்ளிக்கு வரக்கூடாது என்று தடுத்தார்கள். அவன் 1990 ஏப்ரலில் இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், எச்.ஐ.வி. நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி வழங்கும் சட்டம் அவன் பெயரிலேயே நிறைவேறியது. அதுவரை ஆயிரக்கணக்கில் இறந்துபோன ஓரினச் சேர்க்கையாளர்களின் பெயரில் அந்தச் சட்டம் வரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பார்ப்பவர் மனம் இளக வேண்டும் என்று கதை தேடும்போது குற்றம் சொல்ல முடியாத நோயாளியைத்தான் தேடுகிறோம். குழந்தை, கணவனால் தொற்றுக்கு ஆளான மனைவி, சிகரெட்டையே தொடாத நுரையீரல் புற்றுநோயாளி. இவர்கள் மேல் இரக்கம் கூடக்கூட, மற்றவர்கள் தாமே தேடிக்கொண்டவர்கள் என்ற எண்ணமும் சத்தமில்லாமல் கூடிவிடுகிறது. கதை சொன்ன குழந்தை இதற்குச் சம்மதிக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் பொறுப்பு.

எச்.ஐ.வி.யின் வரலாறு இந்த விஷயத்தில் நமக்கு நிறையச் சொல்லும். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனீதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறு பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. பாலியல் தொழில் செய்ததற்காகப் பிடிக்கப்பட்டு, அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் அவர்கள். அந்தக் கண்டுபிடிப்பு நாட்டை விழிக்கச் செய்தது, எத்தனையோ உயிர்களைக் காத்தது. இதில் இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் அடைபட்டிருக்கும் பெண்ணிடம் கையை நீட்டச் சொன்னால், நீட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு என்ன வழி? இதற்கு நேர் எதிரே நிற்பவர் கோவாவின் டொமினிக் டிசோசா. ரத்ததானம் செய்யப் போய்த் தொற்று தெரியவந்து, 1989இல் போலீஸார் அவரைக் கொண்டுபோய்த் தனிமையில் அடைத்தார்கள். அரசே ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்ட தன் கதையை அவர் தன் கையில் எடுத்தார். நீதிமன்றத்தில் போராடினார், வெளிப்படையாகப் பேசினார், 1992இல் இறப்பதற்கு முன் தம்மைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார். எங்கே, எதற்காக, எவ்வளவு பேசுவது என்பதை முடிவு செய்தவர் அவரே.

டிசோசாவைக் காட்டி என்னை மறுக்கலாம். பேச விரும்பும் நோயாளியிடம் ‘உங்களுக்கு ஆபத்து, பேசாதீர்கள்’ என்று தடுப்பது அவரை மறுபடியும் விவரம் தெரியாதவராக நடத்துவது இல்லையா? வலுவான மறுப்புதான். 1983இல் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள் எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். நோயோடு வாழ்பவர்களுக்கு முடிவுகளில் பங்கு வேண்டும் என்பதை 1994 பாரிஸ் மாநாட்டில் அரசுகளும் ஒப்புக்கொண்டன. ஆனால் அவர்கள் கேட்டது முடிவெடுக்கும் மேசையில் ஓர் இடம். பெரும்பாலான கூட்டங்களில் அவர்களுக்குக் கிடைப்பது மைக்கின் முன் பத்து நிமிடம். எப்போது தெரிந்தது, குடும்பம் என்ன சொன்னது, தற்கொலை எண்ணம் வந்ததா என்று கேட்டு அழவைத்துவிட்டு, மருந்துத் தட்டுப்பாடு பற்றிய விவாதத்தை நிபுணர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பேசுகிறவர் அதே தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்துவிட்டாலோ, கதையும் வேலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இந்த முறை வேண்டாமே என்று மேலாளரிடம் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

பெயரை மாற்றி முகத்தை மறைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது இன்னொரு பதில். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் ஏறக்குறைய அப்படித்தான் கருதுகின்றன: அடையாளம் தெரியாவிட்டால் நோயாளியின் படத்தையோ விவரத்தையோ வெளியிட ஒப்புதல் தேவையில்லை. யாருக்குத் தெரியாவிட்டால்? மாற்றுப் பெயர் முன்பின் அறியாதவர்களிடமிருந்து காப்பாற்றும். வீடு காலி செய்யச் சொல்வதும், மகளுக்கு வந்த வரனைத் திருப்பி அனுப்புவதும், கடையில் தனி டம்ளர் வைப்பதும் தெரிந்தவர்கள். ‘மாவட்டத்தின் தென்கோடிக் கிராமம், கணவர் லாரி டிரைவர், இரண்டு பிள்ளைகள்’ என்ற மூன்று விவரம் அவர்களுக்குத் தாராளமாகப் போதும். உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்புச் சொன்ன வழக்கொன்றில் மனுதாரரின் பெயர் ‘மிஸ்டர் எக்ஸ்’ என்றே இருக்கிறது. ஆனால் அவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் செய்தி மருத்துவமனை வழியாகக் கசிந்து, அவருடைய திருமணம் நின்று, ஊரார் ஒதுக்கி, அவர் ஊரைவிட்டு வெளியேறிய பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. நோயைத் தகுந்த ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த லாரி டிரைவரிடமும் இரண்டு பிள்ளைகளிடமும் யார் ஒப்புதல் கேட்டார்கள்? அம்மாவின் கதையில் அவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு நாள் கல்லூரிக்குப் போவார்கள், அப்போதும் அம்மா பேசிய வீடியோ யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், முதலில் மருந்தைக் கையில் வைத்திருப்பவர் கதையைக் கேட்கக் கூடாது. டாக்டரும் கவுன்சலரும் வேலை கொடுத்தவரும் ஒதுங்கிக்கொண்டு, சிகிச்சையோடு சம்பந்தமில்லாத ஒருவர், முடிந்தால் அதே நோயோடு வாழும் ஒருவர், கேட்கட்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளின் நன்றி உணர்ச்சியில் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. சில வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும், வெளியிடும் முன் முழுவதையும் போட்டுக் காட்ட வேண்டும். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் ஏறக்குறைய அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பரவிய வீடியோவை யாரால் பிடிக்க முடியும் என்பார்கள். பிடிக்க முடியாதுதான். தன் பக்கத்திலிருந்து எடுக்கவும், அடுத்த ஆண்டறிக்கையில் அதே படத்தை மறுபடி போடாமல் இருக்கவும் நிறுவனத்தால் முடியும். மீட்க முடியாததை மீட்க முடியாது என்று கையெழுத்துக்கு முன்பே சொல்லவும் முடியும்.

பணம் கொடுக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். மண்டபத்துக்கும் படப்பிடிப்புக் குழுவுக்கும் பட்ஜெட் உண்டு. கதை சொல்பவருக்குச் சால்வையும் பஸ் கட்டணமும். சன்மானம் கொடுத்தால் கதையின் நம்பகத்தன்மை போய்விடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பேராசிரியரின் உரைக்கு மதிப்பூதியம் தருகிறோம், அவர் சொல்வது அதனால் பொய்யாவதில்லை. ஆனால் அன்றாடக் கூலிக்காரருக்குப் பெரிய தொகையைக் காட்டினால் மறுப்பது இன்னும் கடினமாகும் என்பது உண்மை. அன்றைக்கு இழந்த கூலியும் சேர்த்து ஒரு நியாயமான தொகையை முன்கூட்டியே சொல்லி, வந்தபிறகு பேச மனமில்லை என்றாலும் அது உண்டு என்பதையும் சொல்லிவிடலாம். அப்போது அவர் பேசாமலே திரும்பிப் போகக்கூடும். அந்தப் பத்து நிமிடத்துக்கு மருந்துத் தட்டுப்பாடு பற்றி ஒருவர் பேசத் தயாராக இருக்கட்டும்.