நிலவில் கேட்காத பாங்கு

நிலவில் முதன்முதல் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே ஓர் ஓசையைக் கேட்டாராம். அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லையாம். பிற்பாடு கெய்ரோ நகருக்குச் சென்றபோது பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழ, தாம் நிலவில் கேட்டது இதுவே என்று கூறிக் கலிமா மொழிந்தாராம். இந்தக் கதையைக் கேளாதவர் நம்மில் அரிது. நாமும் இளமையில் இதைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்கள்தாம். கேட்டதோடு நில்லாமல் பிறருக்கும் சொன்னோம். சொல்லுமுன், இது உண்மைதானா என்று ஒருவரையும் கேட்கவில்லை.

நடந்தது என்ன? 1969 ஜூலை 16 அன்று அப்பல்லோ 11 புறப்பட்டது. 20ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கினார்கள். காலின்ஸ் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். இறங்கிய இருவரும் வெளியே நடமாடியது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நிலவில் நம் காதுக்கு ஓசையைக் கொண்டுவரும் காற்று இல்லை. உடலை முழுவதும் மூடிய உடைக்குள் இருந்த அவர்களுக்குக் கேட்டவை, ரேடியோவில் வந்த குரல்களும் உடையின் கருவிகள் எழுப்பிய இரைச்சலுமே. அவர்கள் பூமியோடு பேசிய பேச்சு முழுவதும் பதிவாகி, அச்சாகியும் இருக்கிறது. அதில் பாங்கு பற்றிய பேச்சே இல்லை. இன்னும் சொல்லப்போனால், கலத்தை விட்டு வெளியே வருமுன் ஆல்ட்ரின் தம் கிறிஸ்தவ சபையின் முறைப்படி ரொட்டியும் திராட்சை ரசமும் உட்கொண்டு வழிபட்டார். அவரவர் தத்தம் மார்க்கத்தோடுதான் போய்வந்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் இந்தக் கதை எகிப்து, மலேசியா, இந்தோனேசியா என்று பல நாடுகளில் பரவிற்று. ஆம்ஸ்ட்ராங் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் லெபனான் என்னும் ஊருக்கு அருகே குடியிருந்தார். அந்த ஊர்ப்பெயரை அரபு நாடான லெபனான் என்று சிலர் மயங்கியிருக்கலாம் என்பாரும் உண்டு. 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியது. எந்த மதத்தையும் அவமதிப்பது ஆம்ஸ்ட்ராங்கின் எண்ணமல்ல. ஆயினும் அவர் இஸ்லாத்தைத் தழுவியதாக வரும் செய்தி சரியல்ல என்பதே அதன் சாரம். 2005இல் மலேசியாவுக்கு வந்தபோதும் அவர் இதையே சொன்னார். 2012இல் காலமானார். கதை மட்டும் இன்னும் உயிரோடு உலவுகிறது.

"பொய்யாகவே இருக்கட்டும். அதைக் கேட்டு நாலு பேருடைய ஈமான் பலப்பட்டால் கெடுதி என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான் இது. ஆகவே தட்டிக்கழிக்காமல் விடை காண்போம்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பால்குடி மாறாத மைந்தர் இப்ராஹீம் வஃபாத்தானார். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நாயகத்தின் மைந்தர் மறைவுக்காகச் சூரியனும் இருண்டது என்று மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டார்கள். சற்றே எண்ணிப் பாருங்கள். அந்தப் பேச்சை நபியவர்கள் கிளப்பிவிடவில்லை. மக்கள் பேசியதும் பகையால் அல்ல, அன்பால். நபியவர்கள் சும்மா இருந்திருந்தாலே போதும், அது மாபெரும் அற்புதமாக நிலைத்திருக்கும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வேதனையிலும் அவர்கள் மக்களைக் கூட்டிக் கிரகணத் தொழுகை நடத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பேச்சையும், அது உண்மையல்ல என்பதால் மறுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மார்க்கத்துக்கு நாம் பொய்யைக் கொண்டு பெருமை சேர்க்க முடியுமா?

மக்களைக் குர்ஆன் ஓதத் தூண்டும் நோக்கத்தில், அத்தியாயங்களின் சிறப்பைப் பற்றி ஹதீஸ்களைப் புனைந்தவர்கள் முற்காலத்தில் இருந்தார்கள். நோக்கம் நல்லது என்று இமாம்கள் அவர்களை ஏற்கவில்லை. பொய்யர் வரிசையில்தான் வைத்தார்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற நபிமொழியின் கருத்தும் நாம் அறிந்ததே.

இதில் இரண்டு கெடுதிகளைக் காண்கிறோம். ஒன்று, ஒரு மனிதர் தாம் சொல்லாததைத் தம் வாயாலேயே மறுத்த பின்னும், சொன்னதாக அவர்மீது சுமத்துகிறோம். இன்னொன்று, நம் பிள்ளைகளைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை ஒருநாள் இது பொய் என்று அறிந்துகொள்வான். அத்தா சொன்ன மற்றவையும் இப்படித்தானோ என்ற ஐயம் அன்று அவனுக்கு எழுந்தால், அதற்கு யார் பொறுப்பு? ஈமானுக்கு முட்டுக்கொடுப்பதாக எண்ணி நாம் நட்ட கம்பு உளுத்துப்போனது. அது முறியும்போது கூரையையும் சேர்த்தல்லவா இழுக்கும்!

உண்மையில் வியக்க ஒன்றுமில்லையா? ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலவுக்குப் புறப்பட்டவர்கள், அது அன்று நின்ற இடத்தை நோக்கிச் செல்லவில்லை. மூன்று நாட்களுக்குப் பின் அது வந்துசேரப் போகும் இடத்தை நோக்கிச் சென்றார்கள். அது அங்கே வந்தது. 1969 முதல் 1972 வரை ஆறு முறை 12 பேர் அதை நம்பியே இறங்கினார்கள். சூரியனும் சந்திரனும் கணக்குக்கு உட்பட்டு இயங்குவதைத் திருமறையில் ஓதும் நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இறங்கும் இடங்களைத் தேர்ந்தெடுப்பதிலும், நிலவை எப்படி உற்றுநோக்குவது என்று வீரர்களுக்குக் கற்பிப்பதிலும் பெரும்பங்கு கொண்டவர் எகிப்தில் பிறந்த அறிஞர் ஃபாரூக் அல்பாஸ். அல்பத்தானி, அல்பீரூனி போன்ற நம் முன்னோரின் பெயர்கள் நிலவின் பள்ளங்களுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. இவையெல்லாம் மெய். இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

இந்தக் கதையை இளமையில் யார் யாரிடம் சொன்னோமோ, அவர்களில் எஞ்சியிருப்போரிடம், அன்று சொன்னது தவறு என்று சொல்லத் தொடங்கியிருக்கிறோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரம் குறைகிறது. வாசக அன்பர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

அல்லாஹ் நம் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.