ஆராய்ச்சி யாருக்கு உரியது?

அறிவு யாருக்கு உரியது என்னும் கேள்வி நம்மவர்க்குப் புதியதன்று. ஒரு சாரார் ஓதலாம், மற்றையோர் காதாற் கேட்பதும் குற்றம் என்று விதித்திருந்த நாட்டினின்றும் கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் நாம். அவ்விதியின் நிழல் இன்னும் வேறோர் உருவில் நம் உள்ளத்தில் தங்கியிருக்கின்றது. விஞ்ஞான ஆராய்ச்சி பட்டம் பெற்ற பேராசிரியர்க்கே உரியது, நமக்கு அதனோடு யாது தொடர்பு என்று ஒதுங்குகின்றோமே, அதுவே அந்நிழல். இவ்வெண்ணம் பிழை என்பதற்கு வானொலியின் வரலாறே சான்று.

1912இல் அமெரிக்க அரசாங்கம் செய்த சட்டமொன்று, பொழுதுபோக்காக வானொலி இயக்குவோர் 200 மீட்டருக்கு மேற்படாத அலைகளையே கையாளலாம் என்று வரையறுத்தது. நெடுந்தொலைவுக்கு நீண்ட அலையே வேண்டும், சிற்றலை பயன்படாது என்பது அக்காலத்து வல்லுநர் துணிபு. வேண்டாவென்று தள்ளப்பட்ட அச்சிற்றலைகளைக் கொண்டே, 1923 நவம்பரில் பிரான்சு நாட்டு நீஸ் நகரத்து லியோன் டெலாய் என்னும் ஆர்வலர், அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்த அமெரிக்க ஆர்வலரோடு செய்தி பரிமாறினார்.

விண்மீன் மண்டலத்தினின்றும் வானொலி அலைகள் வருவதைக் கார்ல் ஜான்ஸ்கி என்பவர் 1930களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதைத் தொடர்ந்து ஆராய வானநூல் நிலையங்கள் முன்வரவில்லை. 1937இல் அமெரிக்க நாட்டு வீட்டன் என்னும் ஊரில் குரோட் ரீபர் என்னும் வானொலி ஆர்வலர், தம் வீட்டுப் புறக்கடையில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலமுள்ள கிண்ணவடிவக் கருவியைத் தம் சொந்தப் பொருளால் அமைத்தார். அவர் பொறியியல் கற்றவரேயன்றி வானநூல் உத்தியோகஸ்தர் அல்லர். பகலெல்லாம் பிழைப்புக்கு உழைத்து, இரவில் விழித்திருந்து, வானத்தின் வானொலிப் படத்தை வரைந்து உலகுக்கு அளித்தார்.

இவை மேலைநாட்டுச் செய்திகள், நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். சிற்றலையானது மேலெழுந்து, ஞாயிற்றின் கதிரால் மின்னூட்டம் பெற்ற மேல்வான் அடுக்குகளிற் பட்டு வளைந்து மண்ணுக்கு மீள்கின்றது. பூமியின் காந்த நடுக்கோட்டை அடுத்த நாடுகளில் அவ்வடுக்குகள் தனித்த இயல்புடையன. அக்கோட்டின் அண்மை கருதியே, 1963இல் இந்தியாவின் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. அக்கோட்டின் ஒருபுறத்தினின்றும் மறுபுறத்துக்கு, எதிர்பாராத அலைவரிசையில் செய்தி தாவிச் செல்வதை 1947ஆம் ஆண்டளவில் முதன்முதல் கவனித்தவரும் ஆர்வலரே. சிரம்பானும் பகாவும் லிங்கியும் அக்கோட்டுக்கு மிகத் தொலைவில் இல்லை. அறிஞர் தேடிச் சென்று ஆராயும் வானம், நம் ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் மேலே விரிந்து கிடக்கின்றது.

26-12-2019 அன்று நேர்ந்த சூரிய கிரகணம் திண்டுக்கல்லிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் வளையமாகத் தெரிந்தது. நெகிரி செம்பிலானில் ஞாயிற்றின் பெரும்பகுதி மறைந்தது. அன்று நம்முள் எத்தனை வீடுகளில் அடுப்பு அணைக்கப்பட்டது? கர்ப்பிணிகள் எத்தனை பேர் அறைக்குள் அடைக்கப்பட்டனர்? அதற்கு இரண்டாண்டு முன்னர், 21-8-2017இல் அமெரிக்காவில் முழுக் கிரகணம் நிகழ்ந்தபோது, வானொலி ஆர்வலர் பலர் எவ்வலை எப்பொழுது கேட்டது, எப்பொழுது மங்கியது என்று குறித்து வைத்தனர். அக்குறிப்புகளைத் திரட்டிய ஆராய்ச்சியாளர், நிழல் கடந்த நேரத்தில் மேல்வானின் மின்தன்மை குறைந்ததை அவற்றிற் கண்டனர். ராகு விழுங்கியதாக நமக்குச் சொல்லப்பட்டதும் அத்தகைய நிழலே.

பயிற்சியில்லாதவன் பிழை செய்யானோ எனின், செய்வான். பட்டம் பெற்றவனும் செய்கின்றான். ஆராய உரிமையுண்டு என்பதால் சோதனைக்கு உட்படவேண்டா என்பது பொருளன்று. ரீபரும் தம் முடிவுகளை வானநூலார் பத்திரிகைக்கே அனுப்பினார். அலை பரப்ப விரும்புவோன் நாட்டின் சட்டப்படி தேர்வெழுதி அனுமதி பெறல் வேண்டும். இவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. யாரும் மேற்பார்வை செய்யாத நள்ளிரவில், இரண்டு மணி நேரம் காத்திருந்து, "இன்று ஒன்றும் கேட்கவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுதலே அது. அவ்வரியைப் பொய்யின்றி எழுதுபவனே ஆராய்ச்சியாளன். அவன் சாதியையோ சம்பளத்தையோ உண்மை கேட்பதில்லை.

அந்நாளில் நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர். கிராணி அவர்கள் பெயரைப் புத்தகத்தில் குறித்தார். அவர்கள் வெட்டிய பாலின் எடையையும் அவரே குறித்தார். தம்மைப் பற்றிப் பிறர் எழுதிய கணக்கையன்றித் தாமே எழுதிய கணக்கு ஒன்றை அவர்களுட் பெரும்பாலோர் அறியார். இன்று பல தோட்டங்கள் உருமாறிவிட்டன. லயங்கள் பல இடிக்கப்பட்டன. எனினும் பிறர் குறித்ததே உண்மை என்னும் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை.

ஆதலின் தோழர்களே! நம் தமிழ்ப் பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் ஒரு சிற்றலைப் பெட்டியும், அதனருகே ஒரு குறிப்பேடும் இருத்தல் வேண்டும். நாளும் மணியும் அலையும் குறித்து, கேட்டதைக் கேட்டவாறு எழுதப் பிள்ளைகள் பழகுக. அடுத்த கிரகணம் வரும்போது அவர்கள் கதவடைத்து உள்ளே இராமல், அந்த ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும்.