தாரின் கடைசி இரண்டு சீப்பு

நம் வீட்டுக் கொல்லையில் தொங்கும் வாழைத்தார் யாருக்குச் சொந்தம்?

"இது என்ன கேள்வி, நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான்" என்று உடனே சொல்லத் தோன்றும். சரி, கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். அந்தத் தாரை அணில் வந்து கடித்தால் அது திருட்டா? திருட்டு என்றால் வலை போடலாம், கவண் எடுக்கலாம். திருட்டு இல்லை என்றால் அந்த அணிலுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்?

எங்கள் வீட்டில் இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு இல்லை. அம்மா வாழைப்பழ கேக் செய்து விற்கிறார். கொல்லையில் விளையும் பிசாங் பெராங்கான்தான் முதல். என் சாப்பாட்டுச் செலவில் பாதி அந்த ஓவனிலிருந்துதான் வருகிறது. அப்பா, "வலை வாங்கிப் போட்டுடலாம்" என்கிறார். அம்மா, "பாவம், விடுங்க" என்கிறார். பொறியியல் படிக்கும் எனக்கு "பாவம்" மட்டும் விடையாகப் போதவில்லை. காரணம் வேண்டும்.

முதலில், வருகிறவர்கள் யார் என்று பார்ப்போம். ராமர் தடவிக் கொடுத்ததாகச் சொல்லும், முதுகில் மூன்று கோடு உள்ள அணில் இங்கே இல்லை. நம் ஊர் அணிலுக்கு வயிறு செம்பழுப்பு, விலாவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு. காலையில் அதுதான் முதல் ஆள். பிறகு மலாய்க்காரர்கள் 'மெர்பா' என்று சொல்லும், வாலடியில் மஞ்சள் நிறமுள்ள கொண்டைக்குருவி. மைனா எப்போது வேண்டுமானாலும் வரும். தேன்சிட்டுக்குப் பழம் வேண்டாம், வாழைப்பூவே போதும். இருட்டிய பிறகு வௌவால்.

உழைப்பை வைத்துப் பேசுகிறவர்கள், "நட்டவனுக்கே பழம்" என்பார்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் உழைப்பு எவ்வளவு? பக்கக்கன்றைப் பிடுங்கி நட்டோம், தண்ணீர் ஊற்றினோம், கேக்குக்கு உடைத்த முட்டை ஓட்டை அடியில் போட்டோம். வெயில், மழை, மண்ணுக்குள் வேலை செய்யும் புழு எதற்கும் நாங்கள் பில் கட்டவில்லை. அதற்காக "யாருக்கும் எதுவும் சொந்தமில்லை" என்று சொன்னால் நாளைக்கே பக்கத்து வீட்டுக்காரர் கத்தியோடு வந்துவிடுவார்! உழைப்பு நமக்கு முதல் உரிமை தருகிறது, முழு உரிமை தரவில்லை. இதுவரை நான் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து, கடன் என்று ஒரு வாதம் உண்டு. "அவை நமக்கு உதவுகின்றன, நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்பது. டுரியானுக்கு இது அப்படியே பொருந்தும். டுரியான் பூ மாலையில் விரிந்து இரவோடு உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சுமப்பதில் குகைகளில் வாழும் தேன் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. தைப்பூசத்துக்கு 272 படி ஏறுகிறோமே, அந்தப் பத்துமலைக் குகைகளும் அந்த வௌவாலின் வீடுதான். டுரியான் சாப்பிடுகிற ஒவ்வொருவரும் அதற்குக் கடன்காரர்.

ஆனால் வாழை? நாம் தின்னும் வாழைக்கு மகரந்தச் சேர்க்கையே தேவையில்லை. விதையில்லாமல் தானாகக் காய்க்கும். எங்கள் தாருக்கு வௌவாலும் எதுவும் செய்யவில்லை, அணிலும் எதுவும் செய்யவில்லை. கடன் வாதப்படி அவற்றுக்கு ஒரு பழம்கூட கிடையாது.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். உதவினால்தான் பங்கு என்றால், உதவ முடியாதவர்களின் கதி என்ன? வேலை செய்ய முடியாத பாட்டிக்குச் சோறு போடும்போது, "இன்றைக்கு என்ன செய்து கொடுத்தீங்க?" என்று யாராவது கேட்போமா? கேட்டால் நம்மைப் பற்றி ஊர் என்ன சொல்லும்? திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்கிறது என்று வள்ளுவர் கேட்கிறார். நல்லவனிடம் சேர்ந்த செல்வத்தை, ஊருக்குள் பழுத்த மரத்துக்கு ஒப்பிடுகிறார். பலன் பார்த்துப் பங்கு போடுவது வியாபாரம். அதில் தவறு இல்லை, ஆனால் அறம் அதோடு முடிவதில்லை.

"பேச நல்லாத்தான் இருக்கு, நஷ்டம் யாருக்கு?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டேன். எங்கள் தாரில் ஏழு சீப்பு. கீழே உள்ள சின்னச் சீப்பு இரண்டை விட்டுவைத்தால், அதில் செய்திருக்கக்கூடிய கேக்கின் விலை எல்லாம் நஷ்டம் என்று அப்பா கூட்டினார். அது சரியில்லை. மாவு, வெண்ணெய், முட்டை, மின்சாரம் எதையும் அணில் தின்னவில்லை. பழத்தை மட்டும்தான் தின்றது. சந்தையில் அதே அளவு பழம் வாங்கினால் சுமார் 20 வெள்ளி. அதுதான் உண்மையான செலவு. 20 வெள்ளியும் சும்மா வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக்கூட விட முடியாத குடும்பம் முழுத் தாரையும் வெட்டினால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பசிக்கு முன்னால் யாருக்கும் பாடம் எடுக்கக்கூடாது.

ஆனால் வலை வேறு விஷயம். பெரிய கண் உள்ள வலையில் குருவியும் வௌவாலும் சிக்கிக்கொண்டு துடித்தே சாகும். முழுத் தாரையும் வெட்டினால் அணிலுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போகும். வலை போட்டால் உயிர் போகும். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு பக்கமும் தவறலாம். அன்பு என்று சொல்லித் தட்டில் பழம் வைத்து, கையால் ஊட்டிப் படம் எடுத்துப் போடுகிறோம். அது அந்த உயிருக்கு நல்லதல்ல. மனிதரை நம்பிப் பழகும் குரங்கு கடைசியில் பையைப் பறிக்கும், பிறகு அதையே தொல்லை என்று பிடித்துப் போவார்கள். சிங்கப்பூரில் 2020 முதல் காட்டு விலங்குகளுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம். நமக்கும் ஆபத்து உண்டு. 1998-99இல் நிப்பா வைரஸ் நம் நாட்டில் 100க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி வாங்கியது. வௌவால் கடித்த பழம் பன்றிக் கொட்டகையில் விழுந்து நோய் பரவியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி: பல் பட்ட பழம் சமையலறைக்குள் வராது. பகிர்வது வேறு, ஒரே தட்டில் சாப்பிடுவது வேறு.

ஆகவே என் விடை இதுதான். கொடுப்பதைவிட விட்டுவைப்பது மேல். கொடுக்கும்போது "நான் கொடுத்தேன்" என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. விட்டுவைக்கும்போது நாம் அங்கே இருப்பதுகூட அணிலுக்குத் தெரிய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எடுக்க முடிந்தும் எடுக்காமல் நிற்பதுதான் அதில் உள்ள பயிற்சி. கட்டுப்பாடு என்று நாம் வாயால் சொல்வது இதைத்தான்.

செய்முறையும் சுலபம். வாழை வெட்டிய பிறகும் பழுக்கும் இனம். காயின் விளிம்பு மழுங்கி உருண்டு வரும்போதே மேல் ஐந்து சீப்பையும் வெட்டி வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம். மாவுச்சத்து மெல்ல மெல்ல சர்க்கரையாகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்தால் கேக்குக்கு அதுதான் பதம். பழத்தின் புளிப்பு சோடா மாவோடு சேர்ந்து காற்றை உண்டாக்க, கேக் எழும்புகிறது. எங்களுக்கும் அணிலுக்கும் போட்டியே இல்லை. அப்பா இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் வலை வாங்கவில்லை.

உங்கள் வீட்டில் என்ன மரம்? ரம்புத்தானா, மாமரமா, கொய்யாவா? இந்தப் பருவத்தில் பறிக்கும்போது எட்டாத உச்சிக் கிளையை மட்டும் விடாதீங்க. அது விட்டது ஆகாது, எட்டவில்லை அவ்வளவுதான். கைக்கு எட்டுகிற ஒரு கிளையை விட்டுப் பாருங்க.