வசம்பும் கொல்லாமையும்
நம் ஊர் வீடுகளில் சுக்கு, விரலி மஞ்சள் வைத்த டப்பாவில் ஒரு துண்டு வசம்பும் கிடக்கும். சுக்குக்குச் சுண்ணாம்பு பூசுவதும் மூட்டையில் வேப்பிலை போடுவதும் பழைய வழக்கங்களே. கிடங்கில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து வண்டைக் கொல்வதோடு ஒப்பிட்டு, இவையெல்லாம் அகிம்சை வழிகள் என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை பாதிதான் நியாயம். வேப்பிலை பெரும்பாலும் பூச்சியை விரட்டுகிறது. வசம்பிலுள்ள பீட்டா-அசரோனோ பூச்சியை மலடாக்கவும் வல்லது. பிறக்கவிடாமல் செய்வதைக் கொல்லாமைக் கணக்கில் எழுதுவது நமக்கு வசதியான கணக்கு.

விளைவு ஒன்றுதானே, விரட்டுவது, மலடாக்குவது, கொல்வது என்ற வேறுபாடு எதற்கு என்று கேட்கலாம். சமணம் இங்கே உதவுகிறது: பச்சைக் கிழங்கை விலக்கும் சமணர்கள் உலர்ந்த சுக்கையும் மஞ்சளையும் ஏற்கிறார்கள். தீங்கிலும் படிகள் உண்டு என்பதே அதன் பொருள். காயவைத்தால் கொல்ல வேண்டிவராது என்றால், நன்றாகக் காய்ந்த மஞ்சளையும் சிகரெட் வண்டு எனும் சிறு பூச்சி துளைக்குமே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான்; அரித்த விரலியை உடைத்தால் ஊசித் துளைகளும் மாவும்தான். ஆனால் பழைய மிச்சத்தைக் கொட்டித் துடைத்து, வெயிலில் காயவைத்து, இறுக மூடிய டப்பாவில் வண்டு நுழைவது அரிது. எனவே கொலைக்கான பொறுப்பு மாத்திரை வைக்கும் நாளில் தொடங்குவதில்லை. புதுச் சரக்கைப் பழைய சாக்கிலேயே கொட்டிய அன்றே தொடங்கிவிடுகிறது.