காரைச் சுள்ளி

சாக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஐயனார் கோயில்காடு. அங்கே பார்த்த ஒரு சிறு காரியம் என்னை விடமாட்டேன் என்கிறது. தைலமரத் தோப்பில் விறகு பொறுக்கிக்கொண்டு ஒரு மூதாட்டி காட்டின் ஊடே வந்தார். அவர் விறகுக்கட்டில் காரைச் சுள்ளி ஒன்று முள்ளோடு மாட்டிக்கொண்டது. காட்டெல்லை தாண்டிய பிறகுதான் பார்த்தார். கட்டை இறக்கி, சுள்ளியைப் பிய்த்தெடுத்து, திரும்பி நடந்து, வீரை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

“காஞ்ச சுள்ளிதானே அப்பத்தா?”

“ஐயா காட்டுதுப்பா. நம்ம அடுப்புக்கு ஆகாது.”

நின்ற இடத்திலேயே வீசியிருக்கலாம். உச்சி வெயில், கேட்க ஆளில்லை. ஆனாலும் கொண்டுபோய் வைத்தார்.

சின்ன வயதில் எங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சூரைப்பழமும் காரைப்பழமும் காட்டுக்குள் நின்றே தின்னலாம்; மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. மீறினால் ஐயா குதிரையில் வருவார். புரவி எடுப்பில் வந்த மண்குதிரைகளின் உருட்டுவிழியைப் பார்த்திருந்ததால் நம்பினோம். பறவைக்குப் பழம் மிஞ்சியது, விதை பரவியது என்று இன்று காரணம் சொல்லலாம். சுள்ளியைத் திருப்பி வைத்த அப்பத்தாவுக்கு அந்தக் காரணம் தேவைப்படவில்லை.

எப்போதோ படித்தது ஒன்று. 1801-இல் மருது சகோதரர்களைப் பிடிக்க, கும்பினிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போடப் பார்த்தது. வாரக்கணக்கில் வெட்டியும் முடியாமல் கைவிட்டது. அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் இதை எழுதி வைத்திருக்கிறார். கோடரிக்கு மசியாத அந்தச் சீமையின் காடு, பின்னால் விறகுக்கும் தைலமரத்துக்கும் சத்தமில்லாமல் கரைந்தது. சாமிக்கு விட்ட துண்டுகள் அங்கங்கே தப்பின.

அப்படியானால் பயம்தான் காட்டைக் காக்கிறதா? எனக்கு அந்தப் பயம் போய்விட்டது. என் பிள்ளைகளுக்கு வரவே இல்லை. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை நினைத்துக்கொள்கிறேன். திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க்கு வரும் நாரைகள் மிரளக் கூடாதென்று ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1977-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. ஊர்க்காரர்களைக் கட்டியிருப்பது பறவைகள் மேல் உள்ள பிரியம். ஆனால் நாரைக்குக் குஞ்சு உண்டு. பார்த்தால் மனசு இளகும். முள்ளும் சரளையுமான காட்டைப் பார்த்து யாருக்கு இளகும்?

பயம் போன இடத்தில் பிரியம் வந்து உட்காருமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயில்காட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து வெறுங்கையோடு திரும்புங்கள்.